தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியதால் வந்தது: ஒரு காவலர் வீட்டு அனுபவம்

என் கணவர் காவல்துறையில் இருக்கிறார். ரோந்து, இரவுப் பணி, கூட்டக் கட்டுப்பாடு என்று பல வருடங்கள் ஓடியவர். குடிக்க மாட்டார், புகைபிடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் தொடங்கி அவை இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போனார். அதை என்னிடமும் துறையிடமும் மறைத்தார். கடைசியில் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தி, வலிப்பு வந்து ஐசியூவில் கிடந்தார். அந்த மாதங்களில் இதைப் பற்றி நான் பேசக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை. சொன்னால் அவர் வேலை போய்விடுமோ என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. தேடிப் படிக்கலாம் என்றாலும் காவலர்கள், போதைப்பொருள் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் கைப்பற்றிய சரக்கை எடுத்து விற்றவர்களின் கதைகள்தான். அதுவும் நடக்கிற விஷயம்தான். நியூயார்க் காவல்துறையில் சிலர் போதைப்பொருளை உபயோகித்ததையும் விற்பவர்களிடமிருந்து பறித்ததையும் மோலன் ஆணையம் விசாரித்து 1994இல் அறிக்கை கொடுத்தது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அந்த வகை இல்லை. சட்டப்படி எழுதித் தரப்பட்ட மருந்து, ஓயாத இரவுப் பணி, வாய் திறக்க முடியாத வேலை, இந்த மூன்றும் சேர்ந்து நடந்தது. இன்னொரு வீட்டில் யாராவது இப்போது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முழங்காலில்தான் ஆரம்பித்தது. ஒரு கூட்டத்தை அடக்கும் பணியில் இரும்புத் தடுப்பு சாய்ந்து இவர் கால்மேல் விழுந்தது. எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்திருந்தது. வலிக்கு டிராமடால் எழுதிக்கொடுத்தார்கள், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான். ஓய்வெடுக்கவும் சொன்னார்கள். ஆள் பற்றாக்குறை என்று கூப்பிட்டதும் இவர் முழுசாக ஆறுவதற்குள் பணிக்குப் போய்விட்டார். துப்பாக்கி, கைவிலங்கு, வயர்லெஸ், டார்ச் என்று இடுப்பில் சுமையோடு மணிக்கணக்கில் நிற்கிற வேலை. வலி போகவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஒருநாள் என்னிடம், "இதப் போட்டா வலி மட்டும் இல்ல, மனசும் லேசாகுது" என்றார். அவர் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டிராமடால் அபினி வகை மருந்து. அதோடு மனநிலையைத் தூக்கிவிடும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களையும் மூளையில் கூட்டுகிறது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது ஒரு வலி மாத்திரையைப் பற்றி மனசு லேசாகிறது என்று சொன்னால், அந்த வாரமே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய் அதை அப்படியே சொல்லுங்கள்.

இரண்டாவது மாத்திரை இரவுப் பணியால் வந்தது. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்து இரவு என்று சுழன்றுகொண்டே இருக்கும். உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடும். காலையில் வெயிலில் வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்து படுத்தால் அது தூங்கவிடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப்போல் தடுமாறும், 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீதம் இருப்பவரைப்போல் ஆகிவிடும் என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரை நிறுத்திச் சோதிக்கிற காவலரே அந்த நிலையில்தான் ரோந்து வண்டி ஓட்டுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கூட வேலை பார்த்த ஒருவர் விழித்திருக்க மோடஃபினில் கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, வண்டி ஓட்டும்போது இவர் கண் சொருகுவதைப் பார்த்துப் பயந்து கொடுத்தது. மோடஃபினிலின் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் மதியம் இவர் படுத்திருக்கும்போதும் பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கும். அப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்? தூக்கத்துக்கு அல்பிரசோலம் வந்தது. அதை வேறொரு டாக்டர் எழுதினார். முழங்காலுக்கு டிராமடால் சாப்பிடுவதை இவர் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் இங்கேதான் முடிச்சுப்போட்டுக்கொண்டது. விழிக்க ஒன்று, தூங்க ஒன்று, வலிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமான காரணம் இருக்கிறது. மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்தவர் யாருமே இல்லை. டிராமடாலும் அல்பிரசோலமும் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். அபினி வகை வலி மருந்துகளையும் அல்பிரசோலம் போன்ற பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுவது உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தன்னிடம் உள்ளதிலேயே கடுமையான எச்சரிக்கையை மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது. மோடஃபினில் வேறு, சில மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியை முடுக்கிவிடும். அல்பிரசோலம் அப்படிச் சிதைகிற மருந்துதான், அதனால் இவருக்கு அளவு ஏறிக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். எத்தனை டாக்டரைப் பார்த்தாலும் எல்லா மருந்தும் ஒரே மருந்துக்கடையில் வாங்குங்கள். மருந்தாளுநர் ஒருவராவது முழுப் பட்டியலையும் பார்ப்பார். யாரோ நல்ல மனதோடு கொடுத்த மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தூக்க மாத்திரை எழுதித் தரும்போது எத்தனை வாரத்துக்கு, எப்படி நிறுத்துவது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இந்த வகை மாத்திரைகள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்குமேல் போகக் கூடாது என்பார்கள். இவர் ஒரு வருடத்துக்குமேல் சாப்பிட்டார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே நாளில் தெரியவில்லை. சொன்னதையே மறுபடி சொல்வார். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து ஆசிரியரிடம் நன்றாகப் பேசினார், இரண்டு நாள் கழித்து அந்தக் கூட்டம் எப்போது என்று கேட்டார். மாத்திரை நேரம் தள்ளிப்போனால் எரிந்து விழுவார், போட்ட அரை மணியில் சாந்தமாகிவிடுவார். அந்த அரை மணி நேர மாற்றத்தைத்தான் நான் முதலில் கவனித்தேன். கோபம் அவர் குணத்திலிருந்து வரவில்லை, கடிகாரத்தைப் பார்த்து வருகிறது என்று புரிந்தது. பிறகு காலணிக்குள், வண்டியின் கருவிப் பெட்டியில், பழைய சீருடையின் மடிப்பில் காலி மாத்திரை அட்டைகள் கிடைத்தன. சம்பளத்தில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. சக ஊழியர்களிடம் கைமாற்று, சேமநிதியிலிருந்து முன்பணம், என் நகை ஒன்று. அட்டைகளை நான் தூக்கி எறியவில்லை, ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். தேதியும் பின்னால் குறித்தேன். சண்டையில் காட்டுவதற்கு இல்லை, என்ன நடக்கிறது என்று எனக்கே விளங்க வேண்டியிருந்தது. பிற்பாடு அந்த டப்பாதான் அவரைக் காப்பாற்றியது.

கேட்டபோது முதலில் மறுத்தார், பிறகு அழுதார். "நானே மாத்திரை வச்சிருந்தவனப் பிடிச்சு வண்டில ஏத்தினவன். நான் போய் யார்கிட்ட சொல்றது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற வேலையில் இருப்பவர் டாக்டரிடம் போய் எனக்குப் பழக்கமாகிவிட்டது என்று சொன்னால் அதிகபட்சம் லீவு போகும், கொஞ்சம் பேச்சு வரும். காவலருக்கு ஆயுதம் போகும், பணி போகும், அவர் சாட்சி சொன்ன வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் இதை எடுத்துக் கேட்கலாம். மாட்டிக்கொண்டவர்களை நிலையத்தில் எந்தச் சொல்லால் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரே அந்தச் சொல்லைச் சொன்னவர். அதனால் அந்த வெட்கம் வெளியிலிருந்து வரவே தேவையில்லை, உள்ளேயே இருந்தது. இது புரியாமல் "டாக்டரிடம் போங்கள்" என்று மட்டும் சொன்னால் எந்தக் காவலரும் போக மாட்டார். எங்கே போனால் விஷயம் வெளியே வராது, என்ன சொன்னால் அது துறைக்குப் போகும், எது போகாது என்பதைத் தெரிந்து அவர் கையில் கொடுத்தால்தான் கால் நகரும்.

அந்த நேரத்தில்தான் நிலையத்தில் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா வதந்தியா என்றே தெரியாது. இவர் அன்றிரவே மூன்று மாத்திரைகளையும் கழிவறையில் கொட்டிவிட்டார். லீவு போட்டார். காய்ச்சல் என்று சொல்லிக்கொள்வோம், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது, மன உறுதியோடு விடுகிறார் என்று. மறுநாளே வியர்த்துக் கொட்டியது. மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, கை நடுக்கம். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றார். தட்டு வைக்கும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரவு முழுக்கத் தூக்கமில்லாமல் நடந்தார். சுவரில் ஏதோ ஊர்கிறது என்றார். அதற்கடுத்த விடியற்காலை குளியலறை வாசலில் விறைத்து விழுந்தார். உடல் வெட்டி வெட்டி இழுத்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது கொடுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் போனாலோ வாழ்க்கையில் முதல் வலிப்பாக இருந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இவருக்கு அரைகுறை நினைவு வந்து, "மாத்திரையப் பத்திச் சொல்லிடாத" என்று என் கையைப் பிடித்தார். அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதுதான். நான் டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினேன். அவர் கையைப் பிடித்துச் சொன்னதை மீறினேன் என்ற குற்ற உணர்வு அன்று இருந்தது, இன்று இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் மூளையில் கட்டியா, தொற்றா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள், இரண்டாவது வலிப்பு அதற்குள் வந்திருக்கும். அல்பிரசோலம் வகை மாத்திரைகளின் விளைவை முறிக்கும் ஃப்ளூமசெனில் என்று ஒரு மருந்து உண்டு, நீண்ட நாள் பழக்கப்பட்டவருக்கு அதைக் கொடுத்தால் அதுவே வலிப்பைக் கிளப்பலாம் என்றும் டாக்டர் சொன்னார். என்ன சாப்பிட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு போங்கள்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தபிறகு மனநல மருத்துவர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். அதுவரை எனக்கு இருந்த எண்ணம், கெட்ட மாத்திரையைச் சாப்பிடுவதுதான் ஆபத்து, விடுவது நல்லது என்பது. அல்பிரசோலம் போன்றவற்றில் அது அப்படியே தலைகீழ். மூளையில் வேகத்தைக் குறைக்கிற ஒரு ஏற்பாடு உண்டு. மாத்திரை மாதக்கணக்கில் அந்த வேலையைச் செய்தால் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திவிடும். மாத்திரையைப் பட்டென்று எடுத்தால் பிரேக் இல்லாத வண்டி மலைச்சரிவில் இறங்குவதுபோல்தான். அல்பிரசோலத்தின் பாதி சுமார் 11 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் இரண்டொரு நாளிலேயே வலிப்பு வந்துவிடலாம். டிராமடாலுக்கே வலிப்பை வரவழைக்கும் குணம் உண்டு, அதுவும் உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் இவரிடம் நேராகச் சொன்னார். அதைக் கேட்டு இவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் பார்த்தேன். பல மாதங்களில் முதல்முறையாக ஒருவர் அவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்த்தார்.

அதே டாக்டர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் துப்பாக்கி எங்கே என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லாத கேள்வி. இந்த மாத்திரைகளை விடும் காலத்தில் மனச்சோர்வும் பதற்றமும் ஆளை விழுங்கும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கக் கூடாது என்றார். பணித் துப்பாக்கி ஏற்கெனவே நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை மறுபடி வாங்கிவிடக் கூடாது, வீட்டுக்கும் வரக் கூடாது என்பதை யாரிடம் சொல்வது? அவரோடு பயிற்சி முடித்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார், அவரிடம் மட்டும் சொன்னேன். "அண்ணா, அவர் கைக்குத் துப்பாக்கி வராம பாத்துக்கோங்க, ஏன்னு இப்ப கேக்காதீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. பணிக்குத் திரும்பும்வரை அது ஆயுதக் கிடங்கிலேயே இருந்தது. காவலர் குடும்பங்கள் எல்லோரிடமும் நான் கெஞ்சிச் சொல்வது இதைத்தான். மாத்திரையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாவிட்டாலும் ஆயுதத்தைப் பற்றி ஒருவரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொன்னாலும் அந்த நிமிடமே அவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

துறைக்குச் சொல்வதா வேண்டாமா என்று இருவரும் பல இரவுகள் பேசினோம். இதில் நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை விதி மாறும். அதனால் நிலையத்தில் பேசிக்கொள்வதை நம்பாமல் எழுத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள், முடிந்தால் பணி விவகாரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். நாங்கள் பார்த்ததில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் விதி ஒரே மாதிரி நடத்துகிறதா என்பது. எங்கள் விஷயத்தில் வேறுபாடு இருந்தது, அதனால் சொன்னோம். முதலில் மருத்துவ லீவு, மருத்துவரின் கடிதம், கையில் இருந்த மருந்துச் சீட்டுகளின் நகல், அதன்பிறகே நேரில் மேலதிகாரி. பரிசோதனையைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். முதல் கட்டச் சோதனை வேகமாக வடிகட்டுவதற்கானது, சில சமயம் தவறாகவும் காட்டும். அதில் வந்ததை, மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிசெய்த பிறகே முடிவென்று எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் எழுதிய மருந்து என்றால் சீட்டைக் காட்டுவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அபினிக்கான வழக்கமான முதல் கட்டச் சோதனையில் டிராமடால் பெரும்பாலும் சிக்காது. அதனால் சோதனை சுத்தமாக வந்தது என்றதும் ஆள் நலமாக இருக்கிறார் என்று நினைக்கிற மேலதிகாரிகள், தங்கள் கீழே எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள் என்று அறியவே மாட்டார்கள். சிகிச்சையில் இருக்கிறோம் என்று சொன்னதும் இவருடைய மேலதிகாரி நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். முன்னாடியே சொல்லியிருந்தால் அவர் அதே குரலில் பேசியிருப்பாரா என்று எனக்கு நிச்சயமில்லை. சொல்லக்கூடிய இடமாக ஒரு நிலையம் இருக்கிறதா என்பது அதிகாரி கையில் இருக்கிறது.

மாத்திரையைக் குறைத்த காலம்தான் மிக நீளமானது. அல்பிரசோலத்துக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த, மெதுவாக இறங்கும் டயஸிபத்துக்கு மாற்றினார்கள். அது உடம்பில் நாள்கணக்கில் தங்கும், அதனால் மேலும் கீழும் தூக்கிப்போடாது. பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அப்போதைய அளவில் ஐந்து முதல் பத்து சதவீதம் மட்டும் குறைப்பு. வேகமாக முடிக்கலாமே என்று இவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், டாக்டர் மறுப்பார். டிராமடாலையும் தனியாகப் படிப்படியாக இறக்கினார்கள். மோடஃபினில் மட்டும் மறுபடி தொடங்கவே இல்லை. மாத்திரைகள் என் பொறுப்பில் இருந்தன. கடையில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குவோம். ஒரு நோட்டில் அளவும், தூங்கிய நேரமும், அன்றைய மனநிலையும் எழுதுவோம். கஷ்டமான நாள் வந்தால் பழைய அளவுக்குத் தாவாமல் அப்போதுள்ள அளவிலேயே கொஞ்ச நாள் நிற்பது என்று பேசி வைத்திருந்தோம். மது ஒரு சொட்டுகூடக் கூடாது. இன்னொன்றும் டாக்டர் அழுத்திச் சொன்னார். அபினி வகையைக் குறைத்தபிறகு உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும், ஏதோ ஒரு மோசமான இரவில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். அதற்காக நலோக்ஸோன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அபினி வகை மருந்து அடக்கிய மூச்சை அது மீட்டுத் தரும், தூக்க மாத்திரையின் விளைவை அது மாற்றாது, அதனால் கொடுத்துவிட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இருந்தும் அலமாரியில் அது இருக்கிறது என்பதால் நான் தூங்கினேன்.

தூக்கத்துக்கு மாற்றாக எங்களுக்கு உதவியது ஒரு பேச்சு சிகிச்சை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, எழும் நேரத்தை மாற்றாமல் பிடித்துக்கொள்வது என்று கேட்கச் சாதாரணமாக இருக்கும். முதல் சில வாரங்கள் சோர்வு இன்னும் கூடியது, விட்டுவிடலாம் என்றே தோன்றியது. அப்புறம் மெல்லப் பிடித்தது. இரவுப் பணியிலேயே இருக்க வேண்டியவர்கள் என்றால் சுழற்சியை பகல், மாலை, இரவு என்று முன்னோக்கி வைத்துக் கேட்டு வாங்குங்கள், பின்னோக்கிச் சுழல்வதைவிட உடம்பு அதை எளிதாக ஏற்கும். காலையில் வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனமான திரை, பணியின் பின்பாதியில் காபி இல்லை. வலிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் முழங்காலைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் பயிற்சி. காயம்பட்ட புதிதிலேயே அதைச் செய்திருந்தால் இந்தக் கதை தொடங்கியே இருக்காதோ என்று அவர் பயிற்சி செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. மருத்துவமனைச் செலவு, சம்பளமில்லாத லீவு, வாங்கியிருந்த கைமாற்று எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அவருடைய ஒரு வருடச் சம்பளம் போனது. கடன் இன்னும் முடியவில்லை. பதவி உயர்வுத் தேர்வு ஒன்று தவறிப்போனது, அவரோடு சேர்ந்தவர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அதைவிட எனக்கு வலித்தது பெரிய பையன் விஷயம். அப்பா குளியலறைக்குப் போனால் வெளியே நின்று, "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனையும் ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிப் போனோம். பிள்ளைகளிடம் மறைக்காமல், அவர்களுக்குப் புரிகிற அளவில், அப்பாவுக்கு மருந்தால் உடம்பு சரியில்லாமல் போனது, டாக்டர் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னபிறகு அந்தக் கேள்வி குறைந்தது. நானும் அந்தக் காலத்தில் என் தூக்கத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. எடை குறைந்து, ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தபிறகுதான் என் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனித்துக்கொள்கிறவருக்கும் பேச ஒருவர் வேண்டும், ஆரம்பத்திலேயே வேண்டும்.

இப்போது இவர் பகல் நேர அலுவலகப் பணியில் இருக்கிறார். மருத்துவக் குழு பார்த்துத் தகுதிச் சான்று கொடுத்தபிறகு ஆயுதம் திரும்பக் கிடைத்தது. அவ்வப்போது பரிசோதனைக்கு உட்படுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சமீபத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பல் மருத்துவரிடம், தனக்கு டிராமடால் போன்ற வலி மருந்தும் தூக்கத்துக்கான மாத்திரையும் எழுத வேண்டாம், முன்பு பழக்கமாகி சிகிச்சை எடுத்திருக்கிறேன் என்று அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், எனக்கு எடுத்துக்கொடுக்க வேண்டிய வேலையே இல்லை. மருத்துவர் சரி என்று குறித்துக்கொண்டு ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் எழுதினார். அந்த வலிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.